பக்கத்து அட்டையில் ஒரு பத்து

2004 தசரா மேளாவில் தமிழ்செல்வி பலூன் சுட்டதைப் பற்றி டெல்லியின் கிட்வாய் நகர் கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தது. பலகையில் கட்டியிருந்த பலூன்கள் வரிசையாக வெடிக்க வெடிக்கக் கடைக்காரனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் அவன் துப்பாக்கியைத் திருப்பி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பஸ், பஹன்ஜி! போதும் அக்கா, குழந்தைகளுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்" என்று ஹிந்தியில் கும்பிட்டான்.

தமிழ்செல்விக்கு வயது நாற்பத்து மூன்று. சொந்த ஊர் விருதுநகர். வேலை ஒரு மத்திய அமைச்சகத்தில் உதவியாளர். ஃபைல் நகர்த்துவதைத் தவிரத் தனக்கு வேறு திறமை உண்டென்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. அந்த வருஷம் ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடுதலுக்கு வெள்ளி வேறு வந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள்.

"நான் ஒரு கிளப்புல சேரப் போறேன்."

"கிட்டி பார்ட்டியா?" என்றான் ராஜவேல், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"பிஸ்டல்."

ராஜவேல் பேப்பரை மடித்து வைத்தான். "நேத்து சாம்பாருல உப்புக் கம்மின்னு சொன்னேனே, அது சும்மா சொன்னதும்மா."

கிளப் இருந்தது, பக்கத்துக் காலனியின் சமூகக் கூடத்துக்குக் கீழே, பேஸ்மென்ட்டில். மேலே கல்யாணங்கள் நடக்கும். கீழே பத்து மீட்டர் தள்ளிக் காகித அட்டைகளைத் தொங்கவிட்டு ஏர் பிஸ்டலால் சுடுவார்கள். மொத்தம் எட்டுத் தடங்கள். பயிற்சியாளர் சவிதா தஹியா ஹரியானாவின் ரோத்தக்கிலிருந்து வந்தவள். இருபத்தாறு வயது, தமிழ்செல்வியின் ஆபீஸில் சேர்ந்திருந்தால் இவளுக்கு டீ வாங்கி வரும் நிலையில் இருந்திருப்பாள். ஆனால் இங்கே அவள் கண்ணை உருட்டினால் ரிடையர்டு கர்னல்களே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இதற்கு முன்னால் சுட்டதுண்டா, ஆன்ட்டி?"

தமிழ்செல்வி தன் ஹிந்தியில் பலூன் கதையை விரிவாகச் சொன்னாள். சவிதா முழுக்கக் கேட்டுவிட்டு, "அச்சா. இப்போது பலூனை மறந்துவிடுங்கள்" என்றாள்.

பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஒரே கையால் பிடிக்க வேண்டும். மறு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். புடவையில் பாக்கெட் ஏது? இடுப்பில் செருகிக்கொண்டாள். எல்லாவற்றையும்விட வேடிக்கை, இலக்கைப் பார்க்கவே கூடாதாம். குழலின் நுனியில் நிற்கும் சின்ன இரும்புக் குமிழைத்தான் பார்க்க வேண்டும். தூரத்து அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும். "குமிழ் தெளிவாக இருக்கட்டும், இலக்கு பனிமூட்டமாக இருக்கட்டும்" என்றாள் சவிதா.

தமிழ்செல்வி ஐந்து முறை சுட்டாள். சவிதா கம்பியை இழுத்து அட்டையை வரவழைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பரவாயில்லை. இந்த அட்டையை அடுத்தவருக்குக் கொடுக்கலாம்."

அதில் ஒரு ஓட்டைகூட இல்லை.

அந்த அடுத்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தமிழ்செல்வி திரும்பிப் பார்த்தாள். ருக்மிணி!

டெல்லியில் ஒரு கோடிக்கும் மேல் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களில் தமிழ்செல்வி பேசாமல் இருப்பது ஒரே ஒருத்தியுடன். அது மாடி வீட்டு ருக்மிணி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதக் காலையில், தண்ணீர் வரும் அந்த அரை மணி நேரத்தில், கீழ் வீட்டுத் தமிழ்செல்வி மோட்டாரைப் போட்டுவிட்டாள். மாடியில் குழாய் நின்றுவிட்டது. ருக்மிணி தலை முழுக்க ஷாம்பூ நுரையோடு இறங்கி வந்து கத்தினாள். தமிழ்செல்வி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். நுரைக் கிரீடத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாக வந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

ருக்மிணியின் மகள் ஸ்ம்ருதிதான் இந்தக் கிளப்பில் சேர்ந்தவள். இரண்டே நாளில் "செம போர்மா" என்று டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்த ருக்மிணியின் கையில் சவிதா பிஸ்டலைக் கொடுத்துப் பார்த்தாள். அவ்வளவுதான், ருக்மிணியும் மாட்டிக்கொண்டாள்.

அதோடு போகவில்லை. கிளப்பில் சின்ன உள்ளங்கைக்குப் பொருந்தும் பிடி வைத்த பிஸ்டல் ஒன்றே ஒன்றுதான். அது ஆறாம் தடத்தில் இருந்தது. சண்டைக்காரிகள் இருவரும் அதையே மாறி மாறிச் சுட வேண்டும்.

இதில் அவர்களுக்குத் தோதாக இரண்டு சட்டங்கள் இருந்தன. சுடும் கோட்டில் யாரும் பேசக் கூடாது. துப்பாக்கியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. குழல் இலக்கைப் பார்த்தபடி மேஜையில் வைத்துவிட்டு விலக வேண்டும், அடுத்தவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகவே யாரோ யோசித்து எழுதிய மாதிரி இருந்தது. தமிழ்செல்வி சுட்டு, வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகுவாள். ருக்மிணி வேறெங்கோ பார்த்துக்கொண்டே வந்து எடுப்பாள். புதிதாக வருகிறவர்களிடம் சவிதா இவர்களைத்தான் காட்டினாள். "பாருங்கள், என்ன ஒழுங்கு! ஒரு வார்த்தை இல்லை."

கை நடுங்காமல் இருக்க வீட்டிலும் பழக வேண்டும் என்றாள் சவிதா. தமிழ்செல்வி இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்து, கையை நீட்டி, ஃப்ரிட்ஜைக் குறி பார்த்து நிற்க ஆரம்பித்தாள். ராஜவேல் அவளுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே போவதாக இருந்தால் குனிந்து போனான். மாடியில் ருக்மிணி துவரம்பருப்பு டப்பாவோடு பால்கனியில் நிற்பது, துணி எடுக்கப் போகும்போது கண்ணில் பட்டது. அவள் கை தன் கையைவிட அசையாமல் நிற்கிறதோ என்று தமிழ்செல்விக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் இஸ்திரிப் பெட்டியை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தாள்.

குளிர்காலம் போவதற்குள் இருவரும் அட்டையில் ஓட்டை போடக் கற்றுக்கொண்டார்கள். பிறகு கறுப்பு வட்டத்துக்குள். பிறகு எட்டு, எப்போதாவது ஒன்பது. நடுவிலிருக்கும் பத்து மட்டும் இருவருக்கும் வரவில்லை.

பிப்ரவரியில் கிளப்புக்குள் புதியவர்களுக்கான போட்டி வைத்தார்கள். ஆளுக்கு ஓர் அட்டை, பத்து ஷாட்டுகள். சவிதா வேறொரு கிளப்பிலிருந்து இன்னொரு சின்னப் பிடி பிஸ்டலை இரவல் வாங்கி வந்திருந்தாள். அதனால் முதல் முறையாக இருவரும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். சீட்டுக் குலுக்கியதில் பழைய ஆறாம் தடம் ருக்மிணிக்குப் போனது. தமிழ்செல்விக்கு ஏழு.

மேலே ஒரு பாராத், மாப்பிள்ளை ஊர்வலம், வந்து இறங்கியது. பேண்டும் டோல் மேளமும் கூரையை அதிரவைத்தன. தமிழ்செல்வி காதில் எதையும் வாங்காமல் குமிழை மட்டும் பார்த்தாள். கடைசி ஷாட் அற்புதமாக அமைந்தது. மூச்சு நின்றது, குமிழ் கல்வெட்டு மாதிரி நின்றது, விசை எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. பத்துதான் என்று உள்ளங்கையே சொன்னது.

அட்டைகள் வந்தன. தமிழ்செல்வியின் அட்டையில் ஒன்பது ஓட்டைகள். பத்து எங்கும் இல்லை. ருக்மிணியின் அட்டையில் பதினொன்று. அதில் ஒன்று நட்டநடுவில், கம்பாஸ் முள்ளால் குத்தியது போல.

சவிதாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மாதக்கணக்காக ஆறாம் தடத்துக்கே திரும்பிப் பழகிய உடம்பு, ஏழில் நின்றும் ஆறுக்கே திரும்பியிருக்கிறது. குமிழ் தெளிவாக இருந்தது, இலக்கு பனிமூட்டம். ஒரு பனிமூட்டத்துக்கும் பக்கத்துப் பனிமூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் தெரியும்?

"அடுத்தவர் அட்டையில் சுட்டால் சுட்டவருக்குப் பூஜ்யம்" என்றாள் சவிதா. "எது யாருடையது என்று தெரியாவிட்டால் நல்லது அட்டைக்காரருக்கே. மோசமான ஒன்றைக் கழித்துவிடுவேன். ருக்மிணி ஆன்ட்டிக்குப் பத்து. மூன்றாம் இடம்."

கைதட்டல் கேட்டது. அப்போது ருக்மிணி கையைத் தூக்கினாள்.

"மேடம், அது என்னோடது இல்லை. அவாளோடது."

சொன்னது சவிதாவிடம், ஆனால் தமிழில். சவிதா விழித்தாள். தமிழ்செல்வி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அது உங்களோடதுதாங்க" என்றாள், தன்னை அறியாமல்.

"நான் ஜன்மத்துல பத்து சுட்டதில்லை. சத்தியமா உங்களோடதுதான்."

"நான் மட்டும் தினம் பத்தா சுடுறேன்? உங்க கைதான் ஆடாம நிக்குது. பால்கனியில பாக்குறேன்ல!"

"என் கையா? உங்க கையைப் பார்த்துட்டுத்தான் நான் பருப்பு டப்பாவையே தூக்கினேன். ஜன்னல் வழியா எல்லாம் தெரியறது!"

"பேசாம மெடலை வாங்கிக்கங்க."

"வாங்கிக்க மாட்டேன். என்ன பண்ணுவேள்?"

பேஸ்மென்ட்டே அதிர்ந்தது. தமிழ் தெரியாத கர்னல் ஒருவர், இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரி என்று திட்டிக்கொள்வதாக நினைத்து, "லேடீஸ், லேடீஸ்!" என்று நடுவில் புகுந்தார். இருவரும் ஒரே குரலில் "நீங்கள் சும்மா இருங்கள்" என்று ஹிந்தியில் சொன்னார்கள். அவர் பின்வாங்கினார்.

கடைசியில் சவிதா மெடலை ருக்மிணியின் கழுத்தில் வலுக்கட்டாயமாக மாட்டினாள். சட்டம் சட்டம்தான். ருக்மிணி அதோடேயே ஆட்டோவில் ஏறி, "ஏறுங்கோ, தனித்தனியா போவானேன்" என்றாள். வழியெல்லாம் வாக்குவாதம் தொடர்ந்தது. சரோஜினி நகர் சிக்னலில் மெடல் தமிழ்செல்வியின் கழுத்துக்கு வந்தது. வீட்டு வாசலில் திரும்பிப் போனது. அதற்குள் ஸ்ம்ருதியின் படிப்பு, ருக்மிணியின் கணவன் வைத்தியின் சர்க்கரை, ராஜவேலின் குறட்டை எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு வருஷப் பாக்கி ஆயிற்றே.

அடுத்த மாதம் துக்ளகாபாத் ரேஞ்சில் ஒரு திறந்த போட்டி. சவிதா இருவர் பெயரையும் கொடுத்திருந்தாள். இங்கும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களே கிடைத்தன: ருக்மிணிக்குப் பதினொன்று, தமிழ்செல்விக்குப் பன்னிரண்டு. இந்த முறை தமிழ்செல்வி ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் தலையை நிமிர்த்தி, அட்டைக்கு மேலிருந்த எண்ணைப் பார்த்து, "பன்னண்டு, பன்னண்டு" என்று மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டாள்.

அது காதில் விழுந்து, பதினொன்றாம் தடத்தில் ருக்மிணியின் தோள் சிரிப்பில் குலுங்கியது. விசை தட்டுப்பட்டு, ஷாட் எங்கோ ஓரத்தில் மூன்றாம் வளையத்துக்குப் போனது.

போட்டி முடிந்து வெளியே வந்ததும் ருக்மிணி தன் அட்டையை நீட்டினாள். "இந்த மூணு இருக்கு பாருங்கோ, இது மட்டும் நிஜமாவே உங்களோடது."

"அட போங்க" என்ற தமிழ்செல்வி தன் அட்டையைப் பிரித்துக் காட்டினாள். பத்து ஓட்டைகள். பத்தும் அவளுடையவை. ஒன்று நடுவில் இருந்தது.