பேர் எழுதாத பிராது

தர்மராஜின் பீங்கான் சூளையில் உடைந்த சாஸர்களை மட்டும் அடுக்கியிருந்தால், எழுபத்திரண்டாம் வருஷமே மணிமுத்தாற்றுக்கு இன்னொரு பாலம் கிடைத்திருக்கும். ஆனால் அத்தனையும் சூளைக்குப் பின்னால் இருந்த குட்டைக்குப் போயின. ஆவணியில் குட்டை காய்ந்து கிடந்தது. ஐப்பசி மழைக்குள் அதைத் தூர்த்து, ஜாடி காயவைக்கக் களமாக்கிவிட வேண்டும் என்பது தர்மராஜின் திட்டம்.

வீரம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய மூன்று எருமைகளும் புரண்டு எழுந்தது அந்தக் குட்டையில்தான். தெருக்கிணறு ஊறுவதும் அதை நம்பித்தான். மூத்த எருமை குளம்பில் பீங்கான் சில்லு ஏறி நொண்டியது. குட்டைக்கும் வீட்டுக்குமாக ஒரு நாளைக்கு நாற்பது நடை நடந்ததில், அவள் இரண்டு அங்குலம் தேய்ந்துபோனாள் என்று தெருவே சாட்சி சொல்லும். தர்மராஜிடம் முறையிட்டபோது, "தண்ணி நின்னாத்தாம்மா குட்டை. இது வெறும் பள்ளம்" என்று அனுப்பிவிட்டார்.

இதில் பெரிய சங்கடம், உடைசலை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுகிற ஏழு பேரில் ஒருவன் அவள் புருஷன் பக்கிரி.

"நான் கொட்டலன்னா வேற ஒருத்தன் கொட்டுவான்" என்றான் பக்கிரி, சோற்றைப் பிசைந்தபடி.

"அந்த வேற ஒருத்தனும் இதையேதான் அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிகிட்டு இருப்பான்."

மறுநாள் அவள் மனு எழுதும் ஜெயராஜிடம் போனாள். ஜெயராஜ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுத அவர் கையெழுத்துக்கு ஈடு கிடையாது. குறையை மனுவாக எழுதி, எதிராளி பேரைப் போட்டு, மணவாளநல்லூர் கோயிலில் கட்டிவிட்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். மூன்று மாதத்தில் சாமி தீர்த்துவைக்கும். கலெக்டருக்கு நடுங்காதவனும் அந்தக் காகிதத்துக்கு நடுங்குவான்.

"எதிராளி தர்மராஜுதானே?" என்றார் ஜெயராஜ்.

"வேணாங்க. மொதலாளி பேர எழுதினா சாமி சூளைய அவிச்சிடும். அப்புறம் நாங்க என்னத்தத் திங்கிறது? அந்த எடத்த வெறுமையா வுடுங்க. அடுத்த வண்டிய எவன் கொட்டுறானோ, அவன் பேரு."

காகிதத்தோடு அவரை வண்டிப்பேட்டைக்கே இழுத்துப் போய், உரக்கப் படிக்கவைத்தாள். அன்றைக்கே ஒருவனுக்குப் பேதி கண்டது. இன்னொருவன் மாடு நொண்டியது. மூன்றாமவன் ஸ்ரீமுஷ்ணத்தில் அத்தை செத்துவிட்டாள் என்று பஸ் ஏறினான். அந்த அத்தை ஏற்கெனவே இரண்டு முறை செத்தவள்.

"என் பேரையுமா எழுதுவ?" என்றான் பக்கிரி.

"மொத பேரே ஒன்னுதுதான். இனிஷியல மட்டும் சொல்லு."

அவன் வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்துக் கொட்டிலில் கட்டிவிட்டான்.

ஐந்தாம் நாள் உடைசல் மலையாகி ஆபீசு வாசலை மறைத்தது. தர்மராஜ் ஏணி வைத்துத்தான் நாற்காலிக்குப் போனாராம். பொறுக்க முடியாமல், வெள்ளை வேட்டியோடு தாமே வண்டியை ஓட்டிக்கொண்டு குட்டைக்கு வந்துவிட்டார். வீரம்மாள் மறித்து நின்றாள். பக்கத்தில் பேனாவோடு ஜெயராஜ்.

"எழுதுய்யா என் பேர" என்றார் தர்மராஜ். "நானும் இவ மேல ஒண்ணு கட்டுறேன், தொழிலக் கெடுக்கிறான்னு. சாமி யாரு பக்கம்னு பாத்துடுவோம்."

இதை வீரம்மாள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"கட்டுங்க மொதலாளி. ஆனா ரெண்டு பிராதும் உள்ள போயிட்டா, தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் அந்த எடத்துல கை வைக்கக்கூடாது. நான் எருமைய வுட மாட்டேன். நீங்க வண்டிய வுடக்கூடாது."

அப்படி ஒரு சட்டம் எந்தக் கோயிலிலும் இல்லை. அந்த நிமிஷம் அவள் வாயில் பிறந்தது. ஆனால் கடலூர் கோர்ட்டில் இரண்டு கேஸு நடத்துகிற தர்மராஜுக்கு அது நியாயமாகவே பட்டது.

"கோர்ட்டு ஸ்டே மாதிரிங்கிற. சரி, மூணு மாசந்தானே" என்றார். நடுவில் ஐப்பசி வருவதை அவர் எண்ணவில்லை, அவள் எண்ணியிருந்தாள்.

வெறுமையாக விட்ட இடத்தில் தர்மராஜ் பேர் ஏறி, இரண்டு பிராதும் கட்டியாயிற்று. அதன் பிறகு வீரம்மாள் தினமும் விடிந்ததும் பார்த்தது இரண்டை: வானத்தில் மேகம் இருக்கிறதா, சூளையில் புகை இருக்கிறதா. புகை கொஞ்சம் மெலிந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

ஐப்பசியில் மழை பிடித்தது. தவளைகள் சேத்தியாத்தோப்பு வரை நீந்தியே போய் வந்த மழை. குட்டை ததும்பியது, சூளையும் புகைந்தது. தர்மராஜ் குடையோடு வந்து கரையில் நின்று பார்த்தார். இதைப் பள்ளம் என்று எந்த தாசில்தாரிடமும் இனிச் சொல்ல முடியாது.

"எருமைய வுட்டுக்கோ" என்றார் கடைசியில்.

எருமை இறங்கவில்லை. ஒரு கால் வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. வீரம்மாள் முழங்கால் தண்ணீரில் தானே இறங்கித் துழாவி, பாதி சாஸர் ஒன்றை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"அடியில கெடக்கறத யாருங்க எடுக்கிறது?"

தர்மராஜ் சாஸரைப் பார்த்தார், இன்னும் அவியாமல் புகைகிற சூளையைப் பார்த்தார். "பக்கிரி, வண்டியப் பூட்டு" என்றார்.

ஏழு பேரும் இறங்கி, மத்தியானத்துக்குள் ஓரத்தில் இருந்ததை வாரி ஒரு வண்டி நிரப்பினார்கள். பக்கிரி மாட்டைத் தட்டப் போனவன் நின்றான்.

"எங்கங்க கொட்டறது, மொதலாளி?"

அதை யாருமே யோசித்திருக்கவில்லை. மழை வண்டி மேல் பெய்துகொண்டிருந்தது. வீரம்மாள் புடவையைப் பிழிந்துகொண்டு புருஷன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"மொதலாளி வூட்டு ரோட்டுல கார் எறங்குற பள்ளம் எட்டு இருக்குது. மொதல்ல பெரிய பள்ளமா பாத்து ஓட்டு. மேல போடுற கப்பிக் கல்ல அவங்க பாத்துக்குவாங்க."

தர்மராஜ் குடையை மடக்கிக்கொண்டு, பள்ளத்தைக் காட்ட வண்டிக்கு முன்னால் ஓடினார்.