நாலரை மணி ஆட்டம்

அந்தமானில், மின்னி பே மைதானத்தில் 1974 ஜனவரி இருபத்திரண்டாம் தேதியிலிருந்து 1977 பிப்ரவரி இரண்டாம் தேதிவரை சூரியன் அஸ்தமிக்கவில்லை. மைதானத்துக்கு வெளியே அது ஒழுங்காகவே அஸ்தமித்தது. அபர்டீன் பஜாரில் ஐந்தேகாலுக்கு விளக்கு ஏற்றினார்கள், துறைமுகத்தில் ஐந்தரைக்கு இருட்டியது. சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் வைத்தால் மட்டும் சாயங்கால வெயில், அந்தப் பக்கம் எடுத்தால் இருட்டு. இதற்கு ஆயிரம் பேர் ஆயிரம் காரணம் சொன்னார்கள். காரணம் ஒன்றுதான். மெட்ராஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஏழு பேர் கொண்ட ஒரு போட்டிக் கமிட்டி.

மரகதம் போர்ட் பிளேர் கல்லூரியில் பூகோள விரிவுரையாளர். அப்பா தூத்துக்குடியிலிருந்து ஓவர்சியராக வந்தவர். உடற்பயிற்சி இயக்குநர் பதவி மூன்று வருடமாகக் காலியாகக் கிடந்ததால், ஓடக்கூடத் தெரியாத மரகதத்தின் தலையில் கால்பந்து அணியைக் கட்டினார்கள். அவருக்குக் கோபம் வந்தால், நடந்துகொண்டிருப்பது அப்படியே நின்றுவிடும். ஒரே சான்றிதழை நாலாவது தடவை கேட்ட குமாஸ்தாவின் தலைக்கு மேலிருந்த மின்விசிறி மூன்று நாள் சுற்றவில்லை. ஒருமுறை படகுத்துறையில் ஒருவன் வரிசையைத் தாண்டிப் போனதற்கு, இன்ஜின் ஓட ஓட ஃபெரி முக்கால் மணி நேரம் தண்ணீரில் நட்டுவைத்த மாதிரி நின்றது. தீவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சரம்மாவுக்குக் குஸ்ஸா வந்துவிட்டது என்று தமிழர், வங்காளி, தெலுங்கர் எல்லோரும் ஒரே இந்திச் சொல்லில் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஒரே ஒரு சங்கடம்தான். அந்தக் கோபத்துக்கு நிறுத்தத் தெரியும், நகர்த்தத் தெரியாது.

கமிட்டி நடத்திய கோப்பைப் போட்டிக்கு, அவரவர் வட்டாரத்துச் சீசனில் ஜெயித்த கல்லூரிகளை மட்டும் சீசன் முடிந்ததும் மெட்ராஸுக்கு அழைப்பார்கள். 1971 சீசனில் கல்லூரி அணி துறைமுகத்தாரையும் காட்டிலாகாவையும் லாங் ஐலண்ட் மரமில்காரர்களையும் தோற்கடித்தது. ஆனால் அந்த நவம்பரில் கப்பல் நாலு நாள் தாமதம். பையன்கள் மெட்ராஸில் இறங்கும்போது கோப்பையைக் கொடுத்து மாலையும் போட்டு முடித்திருந்தார்கள். கமிட்டியின் பதிவேட்டில் ‘அந்தமான் – வரவில்லை’ என்று எழுதியிருந்தது. அடுத்த வருடம் கப்பல் சரியான நாளில் வந்தது. ஆனால் ஏறுகிற நேரத்தில், அணிக்கு ஒதுக்கிய பங்க் படுக்கைகளை லீவில் போகும் அதிகாரிகளின் மைத்துனர்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். மரகதத்துக்கு வந்ததே கோபம். படுக்கை திரும்பக் கிடைத்தது, கப்பல்தான் இரண்டு நாள் நகரவில்லை. மறுபடியும் பதிவேட்டில் அதே ‘வரவில்லை’. பதினைந்து பையன்களும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரை அறுத்தது. அன்றிலிருந்து கோபம் வரும்போதெல்லாம் ஒரு கிராம்பை வாயில் போட்டுக் கடித்துக்கொள்ளப் பழகினார். ஒரு வருடத்தில் நாக்கு மரத்துப்போனது.

மூன்றாவது வருடம் ஒரு மாதம் முன்னாலேயே போய், மெட்ராஸில் ஒரு சத்திரத்தில் படுத்து, மழையில் பழகி, கால் இறுதியும் அரை இறுதியும் ஜெயித்தார்கள். கேப்டன் நூர்முகம்மது, அபர்டீன் பஜார் ஜவுளிக்கடைக்காரர் மகன், கடைசி வருட மாணவன். அவனோடு இன்னும் ஆறு பேருக்கு அதுதான் கடைசி சீசன். இறுதிப் போட்டியன்று மெட்ராஸ் மைதானத்தில் முழங்கால் தண்ணீர். தண்ணீர் வடிய நாளாகும், தீவுக்குத் திரும்பும் கப்பலோ பத்தாம் நாள். கமிட்டி கூடி, போர்ட் பிளேரிலேயே இறுதிப் போட்டி நடத்தலாம் என்று பெருந்தன்மையாக முடிவு செய்தது. ஜெயிலையும் பவளப்பாறையையும் சர்க்கார் செலவில் பார்க்கலாம் என்பது தீர்மானத்தில் எழுதாத பகுதி. டிசம்பர் பதினைந்து, சனிக்கிழமை, மாலை நாலரை மணி என்று செயலாளர் பக்தவத்சலம் தட்டச்சு செய்து கொடுத்தார்.

மரகதம் அதைப் படித்துவிட்டு இரண்டு கிராம்பைக் கடித்தார். தீவு கிழக்கே பத்துப் பாகை தள்ளி இருக்கிறது, கடிகாரம் மட்டும் டெல்லிக்கும் தீவுக்கும் ஒன்று, டிசம்பர் பதினைந்தில் அங்கே நாலு ஐம்பத்தேழுக்குச் சூரியன் விழுந்துவிடும், ஆகவே ஆட்டத்தை இரண்டரைக்கு வைக்க வேண்டும் என்று எழுதிக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்பது நாளில் ஒன்பது கடிதம். ஒன்பதாவதில் படம் வரைந்து, பாகை குறித்து, நிமிடம் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாட்டுக்கு ஒரே நேரம்தாம்மா. உங்க ஊருக்குன்னு தனியா ஒரு சூரியன் வெச்சுக்க முடியுமா?”

“சூரியன் ஒண்ணுதான் சார். அது எங்ககிட்ட மொதல்ல வருது, மொதல்ல போவுது. அவ்வளவுதான்.”

விதிப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. வெளிச்சம் போய் ஆட்டம் நின்றால், போன வருடம் ஜெயித்தவர்களிடமே கோப்பை இருக்கும். போன வருடம் ஜெயித்தது மெட்ராஸ் அணி. அதாவது அவர்கள் தீவுக்கு வந்து அரை மணி நேரம் தோற்காமல் நின்றால் போதும். இதைத் தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே செய்தார்களா என்று தீவில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. தெரியாமல் செய்ததென்றால் அது இன்னும் பெரிய அவமானம்.

இரண்டு அணியும் ஒரே கப்பலில் வந்தன. மெட்ராஸ் அணியும் கமிட்டியும் மேலே கேபினில், தீவு அணி கீழே பங்கில், இறுதிப் போட்டிக்குப் போகிறவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றுகொண்டு.

சனிக்கிழமை மின்னி பே மைதானத்தில் நாலாயிரம் பேர். நாலரைக்கு விசில் ஊதியது. மெட்ராஸ்காரர்கள் ஆடவில்லை, பொழுதைத் தள்ளினார்கள். கிடைத்த பந்தையெல்லாம் கடலுக்கு உதைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது நீந்திப் போய் எடுத்து வர வேண்டியிருந்தது. கோல்கீப்பர் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடியும் கட்டினான். நடுவர் ஆட்டத்தை விட்டுவிட்டு மேற்குக் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறாவது நிமிடம் சூரியனின் அடிவிளிம்பு குன்றைத் தொட்டது. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். நூர்முகம்மது பந்தை விட்டுவிட்டு நேராக மரகதம் நின்ற இடத்துக்கு ஓடிவந்தான். நெற்றி வெட்டில் இரத்தம், இடுப்புவரை கடல் ஈரம்.

“மேடம், போதும். ஒரு வருஷமா கிராம்பு மென்னது போதும். இப்ப குஸ்ஸா பண்ணுங்க.”

“நின்னுட்டா எனக்கு மறுபடி நகர்த்தத் தெரியாதுப்பா.”

“நிக்கணும் மேடம். இன்னிக்கு நிக்கத்தான் வேணும்.”

மரகதம் கிராம்பைத் துப்பினார். ஒரு வருடமாக விழுங்கியதெல்லாம் மொத்தமாக மேலே வந்தது. அந்த ‘வரவில்லை’, அந்த மைத்துனர்கள், கண்ணாடி துடைத்த கை, ரொட்டி வரிசை, எல்லாம். மேற்கே பார்த்தார், அவ்வளவுதான். சூரியன் குன்றின் மேல் ஒரு சாண் நகர்ந்து ஏறி நின்றது என்று சிலர் சொல்வார்கள். அது பொய். தொட்ட இடத்திலேயே நின்றது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், விசிலை இறக்கினார். மைதானத்துக்கு வெளியே தெருவிளக்குகள் எரிந்தன. உள்ளே வெயில் அடித்தது. முழு ஆட்டமும் நடந்தது. எண்பத்தோராவது நிமிடம் நூர்முகம்மது இருபது கஜத்திலிருந்து அடித்த பந்து, இன்னும் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த கோல்கீப்பரைத் தாண்டிப் போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். ஆறு இருபதுக்குக் கடைசி விசில் ஊதியது. நாலாயிரம் பேரும் மைதானத்துக்குள் இறங்கியபோது மரகதம் சிரித்தார், சூரியன் விழுந்தது.

கோப்பையைக் கையில் கொடுக்காமல், அறிக்கை எழுத வேண்டும் என்று சொல்லிப் பக்தவத்சலம் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி தபால் வந்தது. போர்ட் பிளேரில் மேற்படி நாளில் சூரியன் அஸ்தமிக்கும் நேரம் மாலை 4.57 என்று விரிவுரையாளர் மரகதம் தமது ஒன்பதாம் கடிதத்தில் படத்துடன் நிரூபித்திருப்பதால், அதற்குப் பிறகு அங்கே வெளிச்சம் இருந்திருக்க முடியாது, ஆகவே ஆட்டம் இருபத்தேழாவது நிமிடத்தில் நின்றதாகவே கருதப்படும், கோப்பை மெட்ராஸ் அணியிடமே இருக்கும், தீவு அணியின் ஆட்சேபம் ஏதும் இருந்தால் நிலுவையில் வைக்கப்படும். அயோக்கியத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? மரகதம் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு அதை இரண்டு தடவை படித்தார். மணி ஐந்து. அதற்குப் பிறகு அந்த இடத்தில் மூன்று வருடம் மணி ஐந்தாகவே இருந்தது.

மின்னி பேக்காரர்கள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் வாரம் பாய் விரித்தார்கள். மைதானத்துக்குப் பக்கத்து வீட்டுச் செல்லம்தான் ஆரம்பித்தாள். நெத்திலியையும் சாளையையும் ராத்திரியெல்லாம் காயப்போட்டு, மழை ஓய்ந்த மூன்றாம் நாளே கருவாடு விற்றாள். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் கோல் கம்பத்தில் சாய்ந்து படித்தார்கள். மண்ணெண்ணெய் வரிசை குட்டையானது. அங்கே விளக்குக் கம்பம் நட அவசியமில்லை என்று பொதுப்பணித்துறை ஃபைலை மூடியது. கோழிகள் கோட்டுக்கு வெளியே வந்துதான் தூங்கின. ரம்ஜான் பிறை பார்க்க அங்கே போகக் கூடாது என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லாங் ஐலண்டிலிருந்து ஒரு நாள் படகேறி வந்தவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு வெயிலில் நின்று பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நூர்முகம்மதுவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, முன்தலை வழுக்கை விழுந்தது. அணியை அதற்குப் பிறகு யாரும் அழைக்கவில்லை, ஆட்சேபம் நிலுவையில் இருந்தது. மரகதம் தினமும் பாடம் நடத்தினார், சாப்பிட்டார், தூங்கினார். கோபம் மட்டும் ஒரு நாளும் இறங்கவில்லை.

மூன்று வருடத்துக்கு மேல் எதையும் நிலுவையில் வைக்கக் கூடாது என்று கமிட்டியைத் தணிக்கைக்காரர்கள் நெருக்கியதால், 1977 பிப்ரவரியில் பக்தவத்சலம் பதிவேட்டோடு வந்து இறங்கினார். மனைவி ஜெயலட்சுமியும் ஜெயிலைப் பார்க்கக் கூடவே வந்திருந்தார். ராத்திரி ஏழு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு நடந்து வந்தவர்கள் கோட்டைத் தாண்டியதும் கண் கூசி நின்றார்கள். மரகதத்தையும் நூர்முகம்மதுவையும் யாரோ கூட்டி வந்திருந்தார்கள். ஜெயலட்சுமி காயும் கருவாட்டைப் பார்த்தார், குன்றைப் பார்த்தார், கடைசியில் புருஷனைப் பார்த்தார்.

“இதைத்தான் இருட்டுன்னு எழுதினேளா?”

பக்தவத்சலம் கோல் கம்பத்தில் பதிவேட்டை வைத்துப் பேனாவைத் திறந்தார். கண்ணாடியைத் துடைக்கக் கழற்றி, மரகதம் பார்ப்பதைப் பார்த்துத் துடைக்காமலே மாட்டிக்கொண்டார். ‘அந்தமான் 1, மெட்ராஸ் 0. வெளிச்சம்: போதும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“முன்னாடி ரெண்டு வரி இருக்கு சார்,” என்றார் மரகதம். “அதையும் திருத்துங்க. எழுபத்தொண்ணுல நாங்க வந்தோம். கப்பல்தான் வரல.”

‘வரவில்லை’க்கு முன்னால் ‘கப்பல்’ என்று பக்தவத்சலம் நுணுக்கி எழுதினார். “எழுபத்திரண்டுல?”

மரகதம் கொஞ்சம் யோசித்தார். “அதுல கப்பல் நகரலன்னு போடுங்க. அது என் தப்பு. யார் மேலயும் பழி வேண்டாம்.”

நூர்முகம்மது சத்தமாகச் சிரித்தான். பேனா மூடும் சத்தம் கேட்டது. மூன்று வருடமாகக் காத்திருந்த சூரியன் விழுந்தடித்துக்கொண்டு குன்றுக்குப் பின்னால் போனது. இருட்டில் செல்லத்தின் குரல்தான் முதலில் வந்தது.

“ஏன் டீச்சரம்மா, இன்னும் ரெண்டு நாளு கோவமா இருந்தா கொறஞ்சா போயிருவீக? நாலு பாய் நெத்திலி ஈரத்தோட கெடக்கு!”

கோப்பை அடுத்த கப்பலில் வந்தது. அதைக் கல்லூரி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். மைதானத்தில் ஊரோடு சேர்ந்து இருட்டியது, கோழிகள் உள்ளே படுத்தன, செல்லம் பாய்களைச் சுருட்டிப் பரணில் போட்டாள். அக்டோபரில் ஒரு சாயங்காலம் மரகதத்துக்குக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. தீவு அணியைக் கௌரவிக்கும் வகையில் இந்த வருட இறுதிப் போட்டி மின்னி பே மைதானத்திலேயே நடைபெறும் என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி. நாள், டிசம்பர் பதினேழு. நேரம், மாலை நாலரை மணி.

மரகதம் கடிதத்தைக் கையில் பிடித்தபடி மேட்டிலிருந்து மைதானத்தைப் பார்த்து இறங்கி வந்தார். வாயில் கிராம்பு இல்லை. செல்லம் அவர் நடையைப் பார்த்தாள், வீட்டுக்குள் போய்ப் பாய்களை இறக்கினாள்.