ஆறாவது கைப்பிடி

"போதும், இறங்கு," என்றாள் ஓபல்.

டெல்மர் இறங்கவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சரளைப் பாதையில் பிக்கப் வண்டியை மூன்று தடவை முன்னும் பின்னும் நகர்த்தி, மூக்கு வெளிவாசலைப் பார்க்கிற மாதிரி நிறுத்திக்கொண்டிருந்தார். மனைவி ஓபலின் அக்கா மேவிஸைப் புதைக்க வந்த இடத்திலும் தப்பிக்க வழி பார்த்துத்தான் வண்டி நிற்கும்.

அவருடைய வலது இடுப்பில், கால்சட்டைக்கு உள்பக்கமாக, கோட்டு மறைத்தபடி ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அவர்களுடைய பழைய சாமான் கடையில் எவனோ பின்னாலிருந்து இரும்புக் குழாயால் அவரை அடித்துப் போட்டுவிட்டுக் கல்லாவைத் தூக்கிக்கொண்டு போன வாரத்தில் வந்து சேர்ந்தது. பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து டெல்மர் குனிந்து எதையும் எடுப்பதில்லை. சட்டை மேலேறி விடுமாம், முழங்காலை மடக்கித்தான் எடுப்பார். கட்டிப்பிடிக்க வருகிறவர்களுக்கு இடது தோளைத்தான் கொடுப்பார். வேகிற ஜூலையிலும் பனியனுக்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டை.

அவர்கள் குடியிருக்கும் மிசௌரியில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இல்லினாய்க்குள் வந்தால்தான் வில்லங்கம். வெளி மாநிலத்துக்காரர் துப்பாக்கியோடு தன் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கலாம். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு காலைத் தரையில் வைத்தால் குற்றம். டெல்மர் சட்டத்தை மீறுகிற ஆளில்லை. துப்பாக்கியைப் பிரிகிற ஆளும் இல்லை. ஆகவே இறங்குவதே இல்லை. அந்தச் சட்டம் வந்த பன்னிரண்டு வருஷமாக மேவிஸ் வீட்டு வாசலில், வண்டிக்குள்ளேயே விருந்தாளி. மேவிஸ் வறுத்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் தட்டில் வைத்து ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். "மாப்பிள்ளை, கைய வெளிய நீட்டலாமா, இல்ல அதுக்கும் லைசென்ஸ் வேணுமா?" என்பாள். அக்காவும் தங்கையும் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதை முடிவு செய்தது டெல்மரின் மூத்திரப்பை. அது நிறைந்ததும் ஹாரன் அடிக்கும். இறங்கி மூத்திரம் போவதும் பாலம் தாண்டி மிசௌரிக்குள் போன பிறகுதான்.

ஈமச்சடங்கு ஏற்பாடுகளைக் கவனிக்கிற நிறுவனத்துக்காரர் கறுப்புக் கோட்டோடு ஜன்னலருகே வந்தார். கையில் ஒரு வெள்ளைப் பூ. சவப்பெட்டி தூக்குகிறவர்கள் கோட்டில் குத்திக்கொள்வது.

"நீங்கதானே ஆறாவது ஆளு?" என்று கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "மேவிஸ் அம்மாவே கைப்பட எழுதிக் குடுத்த பட்டியல். 'டெல்மர், வண்டிய விட்டு இறங்கினா'ன்னு போட்டிருக்காங்க."

ஓபலுக்குச் சிரிப்பு வந்தது.

"இறங்கலைன்னாலும் பரவால்ல சார். எங்க ஆளு ஒருத்தரப் போட்டுக்கலாம்."

"ரெண்டு நிமிஷம் குடுங்க," என்று ஓபல் பூவை வாங்கிக்கொண்டாள். டெல்மர் கண்ணாடியை ஏற்றினார். உள்ளே வெக்கை அப்பியது.

"சீட்டுக்கு அடியில அந்த இரும்புப் பெட்டி எதுக்கு இருக்கு?"

"கோர்ட்டுக்குப் போனா துப்பாக்கிய வைக்க."

"அப்ப இப்ப வை."

"எவனாவது கண்ணாடிய உடைச்சுப் பெட்டியோட பேத்துட்டுப் போனா? நாளைக்கு அவன் யாரச் சுடுவான்னு எனக்கென்ன தெரியும்?"

"யோவ், வந்திருக்கறது இருபத்தி மூணு பேரு. அதுல பாதி முட்டி மாத்தின கேஸு. இவங்களா பேத்துட்டு ஓடப் போறாங்க?"

"நீ போ ஓபல். நான் இங்கேர்ந்தே பாத்துக்கறேன். எல்லாப் பக்கமும் தெரியுது."

"இனிமே அவளுக்கு என்னய்யா காவல்?"

அவர் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

ஓபலிடம் கடைசியாகச் சொல்ல ஒரு சரக்கு இருந்தது. வெளியே எடுக்கவே கூடாது என்று நாலு நாளாக உள்ளேயே வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை அவர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியில் இருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு ஹாரன் மூன்றாவது மாடி வரை கேட்டது. மேவிஸ் கண்ணைத் திறக்காமலே, "உன் டிரைவர் கூப்பிடறான், போ," என்றாள். ஓபல் போனாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கே மேவிஸ் போயிட்டா," என்றாள் இப்போது.

"ராத்திரின்னுல்ல சொன்ன?"

"அஞ்சரை."

டெல்மரின் கழுத்து வியர்வை காலருக்குள் இறங்குவதை ஓபல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கோட்டை விலக்கினார். துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவில்லை. விபத்து நடப்பது அப்போதுதான் என்பார். பெல்ட்டில் மாட்டியிருந்த கொக்கியை விடுவித்து, உறையோடு உருவி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மூடியை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் இழுத்தார். கதவைத் திறந்து ஒரு காலை வைத்தார். பிறகு மற்றதை. ஓபல் பூவைக் குத்திவிட்டாள்.

ஐந்து பேர் காத்திருந்தார்கள். டெல்மர் சவப்பெட்டியின் வலப்பக்கம் போய் நின்றார்; அங்கே இடது கையால் தூக்கினால் போதும், வலது கை காலியாக இருக்கும். தூக்கினார்கள். நாலடி போனதும் அந்த வலது கை சட்டென்று கோட்டுக்குள் நுழைந்தது.

மேவிஸின் மகள் கார்லா ஓபலின் கையை இறுக்கினாள். "சித்தி, சித்தப்பா என்னத்த எடுக்கறாரு?"

"கால்சட்டைய."

கால்சட்டை வாங்குகிறவள் ஓபல்தான். துப்பாக்கிக்கு இடம் வேண்டுமென்று எப்போதும் இடுப்பில் இரண்டு அங்குலம் கூட்டி வாங்குவாள். இன்று அந்த இரண்டு அங்குலத்துக்கு ஆளில்லை, கால்சட்டை நழுவுகிறது. பெல்ட்டிலோ அடுத்த துளை இல்லை.

மேடு ஏறும்போது பெட்டி சாய்ந்தது. "சார், ரெண்டு கையும் போடுங்க!" என்றார் முன்னால் இருந்தவர். டெல்மர் திரும்பி ஓபலைப் பார்த்தார். அவள் கார்லாவின் கையை விட்டுவிட்டு வேகமாகப் போய், அவருடைய கோட்டுக்கு அடியில் கையை விட்டு பெல்ட்டைக் கொத்தாகப் பிடித்தாள். வலது கை கைப்பிடிக்குப் போனது.

"விட்டுடாத," என்றார்.

"நேராப் பாத்து நடய்யா."

குழிக்கு மேலிருந்த இரும்புச் சட்டத்தில் பெட்டியை வைத்தார்கள். முன்வரிசையில் ஓபலுக்காகப் போட்டிருந்த நாற்காலியைக் கார்லா கண்ணால் காட்டினாள். ஓபல் தலையசைத்து மறுத்தாள். பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார். டெல்மர் இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அவருடைய மூச்சு விட்டுவிட்டு வருவது, பெல்ட்டை விடாமல் பின்னால் நின்ற ஓபலின் விரல் முட்டிகளுக்குத் தெரிந்தது.