ஃபோர்மனுக்கு ஒரு வேட்டைக் கத்தி

"இன்னாத்துக்கு இப்டி கத்துற? மேல் முனையில ஒரு சாணுதானே அறுத்தேன், அதுக்குப் போயி—"

"ஒரு சாணுதானேவா? எவன் வூட்டு ஒலக்கய்யா அது? கேக்காம கொள்ளாம அறுத்துட்டு—"

"பூணு பக்கம் கை வச்சனா? இடிக்கிற பக்கம் அப்டியேதான் கீது—"

"அது தானா குதிச்சு இடிக்குமா? இன்னா மச்சான், ஒலக்கயோட சேத்து மூளையையும் அறுத்துட்டியா?"

காத்தூன் பீவியின் கையில் குட்டையாகிப்போன கருங்காலி உலக்கை. புருஷன் கமாலுதீன் கையில் அறுத்த துண்டு. அந்தத் தண்டையார்ப்பேட்டைச் சந்தில் விடிந்தால் அவள் இடியாப்பத்துக்குத்தான் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். மாவு இடிப்பதில் பாதி வேலையை உலக்கையின் கனமே பார்த்துக்கொள்ளும். இனி அவள் இடுப்பை வளைத்துக் குனிந்து, இல்லாத கனத்தையும் தோளிலிருந்து கொடுத்து இடிக்க வேண்டும். துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டு நின்றவனுக்கு அது எங்கே உறைத்தது?

"இது லேசுப்பட்ட மரம் இல்ல காத்தூனு. நல்லா காஞ்ச கருங்காலி. பச்ச மரத்துல புடி போட்டா, சுருங்கி ஆட ஆரம்பிச்சுடும். தொரை கையில கத்தி ஆடலாமா?"

"எந்தத் தொரை? வெள்ளக்காரன் கப்பலேறிப் போய்ட்டான். போசொல்ல தொப்பிய மட்டும் ஜெயவேலு மண்டையில கவுத்துட்டுப் போய்ட்டான். அவன் ஒரு தொரை!"

ஜெயவேல், கமாலுதீன் கூலிக்குப் போகும் திருவொற்றியூர் இரும்புக் கம்பெனியில் ஃபோர்மன். கமாலுதீன் அங்கே வருஷக்கணக்காக டெம்பரரி. எந்தக் காலையிலும் கேட்டிலேயே நிறுத்தி, இன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பலாம். ஜெயவேல் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் பர்மனெண்ட். அந்த ஜெயவேல் லீவு நாளில் ஜீப் ஏறி நாகலாபுரம் மலைப் பக்கம் வேட்டைக்குப் போகிறவர். தோல் உரிக்க உருப்படியான கத்தி ஒன்று இல்லை என்று அவர் யாரிடமோ அலுத்துக்கொண்டது, பக்கத்தில் நின்றிருந்த கமாலுதீன் காதில் விழுந்துவிட்டது.

"மான் தோலு உரிக்கத்தான் காத்தூனு."

"மானு கெடைக்காத அன்னிக்கு? காட்டுப் பன்னி வந்தா சலாம் வச்சு அனுப்பிடுவானா? நான் பிஸ்மி சொல்லி மாவு இடிக்கிற ஒலக்க, பன்னி வவுத்துக்குள்ள பூந்து வரட்டும். பேஷ்!"

"உள்ள போறது இரும்பு. புடி வெளியதானே கீது?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கத்தியின் இரும்புக்குக் கம்பெனி அரம் ஒன்றை மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தான். தேய்ந்த அரத்தை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது தருவார்கள் என்பது அவளுக்கும் தெரியும். "தூக்கிப் போட்டதுதான்" என்றான். அவள் நம்பவில்லை. கேட்கவும் இல்லை, உலக்கைக்குக் கத்தியதிலேயே தொண்டை வறண்டிருந்தது.

அரத்தைக் கரி அடுப்பில் பழுக்கவிட்டு, சாம்பலில் புதைத்து ஆறவைத்தான். இரும்பின் விறைப்பு இறங்கியதும் கல்லில் தேய்த்துத் தேய்த்து முனையும் வாயும் கொண்டுவந்தான். மறுபடி சிவக்கக் காய்ச்சி, அவள் தேங்காயெண்ணெயிலேயே முக்கினான். சுடுமணலில் வைத்து, வைக்கோல் நிறம் ஏறியதும் எடுத்தான். கத்தியின் வாலை மட்டும் காய்ச்சிக் கருங்காலித் துண்டுக்குள் இறக்கியபோது வீடெல்லாம் புகை. துளையில் அரக்கு உருக்கி ஊற்றி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவினான். பிடி பேரீச்சம்பழம் மாதிரி கறுத்து மின்னியது.

கத்தியின் முதுகில் மட்டும் அரத்தின் பல்லை ஒரு கோடு விட்டு வைத்திருந்தான்.

"இன்னாது, இங்க தேய்க்காம வுட்டுட்ட?"

"அயகுக்கு. பாம்புத் தோலு மாதிரி இல்ல?"

வாங்கிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அதை அவனிடம் ஒப்புக்கொள்வாளா?

"பாம்பு கைக்குத்தானே போவுது. பொருத்தம்தான்."

வேட்டை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீயும் வா, பொம்பள கூட வந்தா மனசு எறங்கும்" என்று அவளையும் இழுத்துக்கொண்டு ராயபுரத்தில் ஜெயவேல் வீட்டுக்குப் போனான். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். கெஞ்சப் போகிறவன் நடை எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜெயவேல் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். தலைக்கு மேலே மான் கொம்பு; அதன் ஒரு கிளையில் தொப்பி.

"யாரு, உன் சம்சாரமா? உட்காரச் சொல்லுடா" என்றார். உட்கார அங்கே எதுவும் இல்லை.

கத்தியைக் கையில் வாங்கினார். இரண்டு விரலால் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். இவன் மானை உரிக்கப் போகிறானா, அதற்குச் சவரம் பண்ணப் போகிறானா என்று காத்தூன் நினைத்துக்கொண்டாள்.

"அடேடே! நீயாடா செஞ்ச? பிடி என்ன மரம்?" கேட்டுக்கொண்டே கட்டை விரலால் கத்தி முதுகைத் தடவினார். பல் இருந்த இடத்தில் விரல் நின்றது. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"இது நம்ம ஷாப்பு அரமாச்சே."

"இல்ல தொரை... ஆமா தொரை... தேஞ்சதுதாங்க, சும்மா கெடந்துச்சு—"

"ஸ்டோர்ல குடுக்காம தூக்கியாந்துட்ட. இதை நான் ஆபீஸ்ல காட்டினா, நாளைக்கு நீ கேட்டைத் தாண்ட முடியுமாடா?"

கமாலுதீன் அவர் காலில் விழக் குனிவதை அவள் பார்த்தாள். பின்னாலிருந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

ஜெயவேல் சிரித்தார். "பயந்தாங்கொள்ளி! நான் காட்டுவேனா? இது என் பெட்டியிலயே பத்திரமா இருக்கும். என்கூட ஷிகாருக்கு வர்ற தோஸ்துங்க அஞ்சு பேர் இருக்காங்க. ஆளுக்கு ஒண்ணு, இதே மாதிரி. பர்மனெண்ட் விஷயம் அப்புறம் பேசலாம்."

"ஆவட்டும் தொரை. அப்டியே ஆவட்டும் தொரை."

திரும்பும்போது கமாலுதீனின் கால் தரையிலேயே பாவவில்லை.

"பாத்தியா? வேற எவனாச்சும்னா புடிச்சுக் குடுத்திருப்பான். மனுசன் சிரிச்சுட்டாரு! பெரிய மனசு. பர்மனெண்டு பேசலாம்னு அவரு வாயாலயே சொன்னாரா இல்லியா? அரம்தான் எப்டியாச்சும் தேத்தணும். ஒண்ணொண்ணா மடியில வச்சு—"

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஹார்பர் கூட்ஸ் வண்டி தடதடத்துப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலும் அவன் பேசிக்கொண்டே இருந்தான். கடைசிப் பெட்டி போய், அவன் காதில் தெளிவாக விழும் என்று தெரிந்த பிறகுதான் காத்தூன் வாயைத் திறந்தாள்.

"ஒன் திருட்டு அவன் பெட்டியில கீற வரிக்கும், ஒன்னிய எதுக்கு மச்சான் அவன் பர்மனெண்டு பண்ணுவான்?"