சன்னல் சாத்தியிருக்கும் வெள்ளிக்கிழமை

இப்போதெல்லாம் ஜனங்கள் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டுவதில்லை. எவன் பார்க்கிறான் என்று பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். கேட்டால் மெர்டேக்கா வந்து சுதந்திரம் கிடைத்துவிட்டது, முன்னேறிவிட்டோம் என்பார்கள். முப்பது வருஷம் மாட்டுவண்டி ஓட்டிய பொன்னுதுரைக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும்.

காஜா பேராங் முச்சந்தியில் புதிதாகச் சிவப்பு, பச்சை விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். சிவப்பில் நிற்காதவனைப் பிடிக்க, எதிர்த் துணிக்கடையின் மாடிச் சன்னலில் ஒரு மாத்தா, அதாவது போலீஸ்காரர், நோட்டும் கையுமாக உட்கார்ந்து வண்டி நம்பரை எழுதுவார். மறுவாரம் வீடு தேடிச் சம்மன் வரும். அதற்குப் பிறகு எல்லாரும் ஒழுங்காக நின்றார்கள். ஊரே மெச்சியது.

பொன்னுதுரை மட்டும் காப்பிக் கடையில் உட்கார்ந்து டிரைவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவனும் விளக்கைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவனும் சன்னலைத்தான் அண்ணாந்து பார்த்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரை மணிக்கு மாத்தா நோட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார். துணிக்கடைக்காரர் மாடிச் சன்னலைச் சாத்தினார். பொன்னுதுரை காப்பியைத் தள்ளி வைத்தார். இந்த நேரத்தில்தான் அவர் மனைவி தெய்வானை பலகை ஆலை ஆட்களுக்குச் சோற்றுக்கூடையோடு ரோட்டைத் தாண்டுவாள்.

“போன வெள்ளி இதே நேரத்துல மூணு வண்டி நிக்கல” என்றார்.

பக்கத்தில் இருந்த ஊர்ச் சங்கச் செயலாளர் ராஜரத்தினம் சிரித்தார். “விளக்கு எரியுதில்ல பெரியவரே, அப்புறம் என்ன?”

பொன்னுதுரை எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தெய்வானை ரோட்டோரம் வந்துவிட்டாள்.

“ஏய், நில்லு!”

“வண்டிக்குச் சிவப்பு விழுந்தாச்சுங்க. இனி நமக்குத்தான் வழி. உங்களுக்கு மாட்டைத் தவிர யார் மேலயும் நம்பிக்கை கிடையாது” என்றபடி அவள் காலை எடுத்து வைத்தாள்.

செங் ஊர்ப் பக்கமிருந்து செங்கல் ஏற்றிய லோரி வந்துகொண்டிருந்தது. டிரைவர் அண்ணாந்து பார்த்தான். சாத்திய சன்னலைக் கண்டதும் அவன் முகம் லேசானதைப் பொன்னுதுரை கண்டார். லோரி சீறியது.

தாவிப் பிடித்ததில் தெய்வானையின் சேலைத் தலைப்பு அவர் கையில் சிக்கியது. இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். கூடைமேல் சக்கரம் ஏறிப் போயிற்று. சோறும் குழம்பும் ரோடெல்லாம் சிதறின. தெய்வானை முழங்கை தோலுரிந்து மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கூடிவிட்டது. ராஜரத்தினம் மூச்சு வாங்க வந்தார்.

“வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு ஆளைப் போடச் சொல்லி மனு எழுதுறேன். நீங்கதான் முதல் கைரேகை வைக்கணும்.”

“போடு. அவன் எப்போ ஒண்ணுக்குப் போறான்னு வண்டிக்காரனுங்க கத்துக்குவானுங்க.”

“அப்போ என்னதான் செய்யச் சொல்றீங்க?”

பொன்னுதுரை கீழே குனிந்தார். தெய்வானையைத் தூக்கி நிறுத்தி, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். முச்சந்தியில் பச்சை மாறிச் சிவப்பு விழுந்தது. எந்த வண்டி நின்றது, எது போனது என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.