யார் பொறுப்பில் காணாமல் போனாள்

என் மகள் படிக்கும் பள்ளியிலேயே நானும் கணக்கு டீச்சர். கேட்பவர்கள் எல்லாம் கொடுத்து வைத்தவள் என்பார்கள். ஒரு வாரம் என் இடத்தில் இருந்து பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும். மற்ற பிள்ளைகள் சேட்டை செய்தால் டைரியில் எழுதி வீட்டுக்கு அனுப்புவார்கள். என் மகள் செய்தால் அவளையே என்னிடம் அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாம் வகுப்பு. வீட்டில் நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பள்ளியிலும் அந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. பக்கத்துப் பையனின் படத்தில் மீசை வரைவாள், வரிசையில் நிற்கச் சொன்னால் வரிசையையே கலைப்பாள். அவளுடைய வகுப்பு டீச்சருக்கு ஒரே மருந்துதான் தெரியும்: "போ, உங்க அம்மாகிட்டயே போ." மேல் மாடியில் நான் பத்தாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்திக்கொண்டிருக்கும்போது கதவோரம் பாதி முகம் எட்டிப் பார்க்கும். முழு வகுப்பும் சிரிக்கும். எனக்குச் சுர்ரென்று ஏறும்.

"இங்க நான் டீச்சர். உன் மிஸ்கிட்ட போ" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அனுப்புவது அவர், திருப்புவது நான். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை கைவேலை பீரியடில் முன் பெஞ்சுப் பெண்ணின் பின்னல் நுனியைக் கத்தரித்துவிட்டாள். வழக்கம்போல் என் கதவுக்கு வந்தாள். வழக்கம்போல் நானும் "போ" என்றேன். அதற்கும் ஒரு படி மேலே போய், கதவைச் சாத்தினேன்.

இடைவேளையில் ஆசிரியர் அறையில் வகுப்பு டீச்சர் என்னிடம் வந்தார்.

"என்ன டீச்சர், அழுகையை நிறுத்திட்டாளா? இல்ல, இன்னும் உங்க கிளாஸ்லதான் உக்காந்திருக்காளா?"

"என் கிளாஸ்லயா? நான் அப்பவே அனுப்பிட்டேனே. உங்ககிட்ட வரலையா?"

"நீங்க வச்சுக்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

கையில் இருந்த டம்ளரை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை.

கழிப்பறை ஒவ்வொன்றையும் தட்டினோம். நூலகம், மேடைக்குப் பின்னால், சைக்கிள் கொட்டகை, எங்கும் இல்லை. மாடிப்படித் திருப்பத்தில் கத்தரிக்கோல் மட்டும் கிடந்தது. வகுப்பு டீச்சர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறார் என எனக்குப் புரிந்தது. இல்லை.

"கத்தரிக்கோலோடயா வெளிய அனுப்புவாங்க?" என்று கத்தினேன்.

"பிள்ளை கையில என்ன இருக்குன்னு பெத்தவங்கதான் பாக்கணும். உங்க வாசல் வரைக்கும் வந்திருக்கா இல்ல? நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதனால் இன்னும் உரக்கக் கத்தினேன்.

தலைமை ஆசிரியர் வந்தார். வாசலில் காவலாளியை விசாரித்துவிட்டு, யாரும் வெளியே போகவில்லை என்றான் என்று சொன்னார். காவலாளி பீடி குடிக்கப் போகும் நேரம் பள்ளிக்கே தெரியும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லுங்க. கிளாஸ்ல இருந்து போனாளா, இல்ல உங்ககிட்ட வந்துட்டுப் போனாளா? நாளைக்கு கேள்வி வந்தா, யார் பொறுப்புன்னு நான் சொல்லணுமில்ல?"

"சார், முதல்ல பிள்ளை கிடைக்கட்டும். அப்புறம் யார் தலையில வேணா கட்டுங்க."

கணவருக்குப் போன் செய்தேன். "நீ அங்கேயே இருக்கேன்னுதானே நான் நிம்மதியா இருக்கேன்" என்றார். அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை. வைத்துவிட்டேன்.

கட்டடத்துக்குப் பின்னால் தரைக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் இரும்பு மூடி ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. ஒரு சின்ன உடம்பு நுழையப் போதுமான இடைவெளி. நான் புடவையோடு தரையில் படுத்து உள்ளே பார்த்தேன். இருட்டு. தண்ணீர் அசைகிறதா, என் கண்தான் அசைகிறதா தெரியவில்லை. "வாலு" என்று கூப்பிட்டேன். என் குரல்தான் குளிர்ந்து திரும்பி வந்தது. காவலாளி நீளக் கம்பை உள்ளே விட்டுத் துழாவினான். கம்பு எதிலாவது இடித்துவிடக் கூடாதே என்று உலகத்தில் உள்ள எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். வகுப்பு டீச்சர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் பற்கள் அடித்துக்கொள்வது கேட்டது. எதிலும் இடிக்கவில்லை.

இதற்குள் இடைவேளை முடிந்து மணி அடித்திருந்தது. அங்கிருந்து ஓடி வரும்போதுதான் நாலாம் வகுப்பு ஜன்னல் வழியாக அந்தக் குரல் கேட்டது. எழுத்துக் கூட்டி, உரக்க, யாரோ ஒரு சின்னப் பெண் வாசிக்கிறாள். எனக்குத் தெரியாத குரல்போல இருந்தது. வீட்டில் அவள் அப்படி வாசித்து நான் கேட்டதே இல்லை.

அங்கே யாரும் தேடியிருக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்பில் என்ன வேலை? நாலாம் வகுப்பு டீச்சர் அன்று விடுப்பு. அந்த வாரம்தான் சேர்ந்த விளையாட்டு மாஸ்டர் பிள்ளைகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில், தன்னைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு நடுவில், முதுகை நிமிர்த்தி என் மகள் உட்கார்ந்திருந்தாள். இடறிய சொல்லைப் பக்கத்துப் பெண் காதில் சொல்ல, சிரித்துக்கொண்டே திருத்தி வாசித்தாள்.

நான் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். எனக்குப் பின்னால் வகுப்பு டீச்சர்.

மாஸ்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இவளையா தேடுறீங்க? வாசல்ல தனியா நின்னா. உள்ள வான்னேன், வந்து உக்காந்துட்டா. அப்படி ஒரு சமத்து. இவளுக்கு இவ்வளவு அடக்கம் யார் கத்துக் கொடுத்தாங்க? வீட்டிலயா, நீங்களா?"

காலையிலிருந்து பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டப் பார்த்த நாங்கள் இருவரும் இப்போது வாயே திறக்கவில்லை.

அவள் தலை தூக்கினாள். என்னைப் பார்த்தாள், வகுப்பு டீச்சரைப் பார்த்தாள். வாசிப்பு பாதிச் சொல்லில் நின்றது. ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடி, அதைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளி வைத்துவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"சார், நான் இங்க ஒண்ணுமே பண்ணல" என்று மாஸ்டரிடம் சொன்னாள். "இங்கேயே இருந்துக்கறேன் சார். இவங்ககிட்ட அனுப்பாதீங்க."

வாடி கண்ணு என்று கூப்பிட வாயெடுத்தேன். பெஞ்சு விளிம்பைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கூப்பிட்டால் வரமாட்டாளோ என்று பயந்து, நான் கூப்பிடவே இல்லை.