அழகரின் சுத்தப்பிரதி

1939ஆம் ஆண்டு யூலை மாதம் மூன்றாந் திகதி, திங்கட்கிழமை. விடிந்தது முதல் கொழும்பில் கடற்காற்றோடு தூறல் விட்டுவிட்டுப் பெய்தது.

கொட்டாஞ்சேனை அழகர், முப்பத்தொரு வயதில், இலண்டன் பல்கலைக்கழகத்தின் இடைநிலைத் தேர்வான இன்டர் பரீட்சையின் கணிதத் தாள்களை மூன்றாந் தடவையாக எழுதக் கல்லூரி மண்டபத்துள் நுழைந்தான். துறைமுக வேலையை உதறிவிட்டுப் படிக்க வந்தவன் அவன். இம்முறையும் தவறினால் கல்லூரி அவன் பெயரை வெட்டிவிடும்.

ஆயினும் அவன் அஞ்சவில்லை. ஓராண்டாக வெள்ளவத்தையில், கூடப் படிக்கும் தியாகராசாவின் அறையில், மூவர் கூடிப் படித்தனர். பத்தாண்டு வினாத்தாள்களையும் பங்கிட்டுக்கொண்டனர். எழுத்துக் கணக்கான அட்சரகணிதம் கொம்பனித்தெருப் பலீலுக்கு, நிலையியல் தியாகராசாவுக்கு. அவ்விருவரும் கிறுக்கிப் போட்ட விடைகளை ஆளுக்கொன்றாக மூன்று கொப்பிகளிற் சுத்தமாகப் பெயர்த்தெழுதுவது அழகரின் பங்கு.

“ஒரு கணக்கையாவது நான் போட்டுப் பாக்குறேனே, தம்பி,” என்று ஒருநாள் அழகர் கேட்டான்.

“உங்களுக்கேன் அண்ணை அந்தக் கரைச்சல்?” என்றான் தியாகராசா. “உங்கட எழுத்து அச்சடிச்ச மாதிரி. பிழையான விடைகூட உங்கட கையால எழுதினாச் சரி எண்டுதான் தெரியும்.”

பலீல் சிரித்தான். அழகரும் சிரித்தான், அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டான். மூன்று முறை எழுதியது மனத்திற் பதியாமல் எங்கே போகும் என்பது அவனுடைய நம்பிக்கை.

இன்று காலைத் தாளின் முதல் வினாவே ஏணிக் கணக்கு. சுவரிற் சாய்ந்த ஏணி வழுக்காதிருக்க, ஒருவன் அதில் எவ்வளவு தூரம் ஏறலாம்? அழகரின் பேனா தானாக ஓடிற்று. ஒரு பக்கம் நிரம்பிய பின்னரே வினாவை மறுபடி வாசித்தான். கொப்பியிலிருந்த சுவர் வழுவழுப்பானது, இச்சுவர் கரடானது. கரடான சுவரும் ஏணியைப் பிடித்து நிறுத்துமல்லவா? அந்த விசையை எங்கே சேர்ப்பது? சேர்த்தால் எந்த வரி மாறும்? ஒவ்வொரு வரியும் எப்படியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஏன் வந்தது என்பது தெரியாது. மற்ற வினாக்களிலும் அதுவே கதி.

நண்பகலில் தாழ்வாரத்தில் தியாகராசா ஓடி வந்தான். “ஏணி வந்திட்டுது பாத்தியளே, அண்ணை! சுவர்ப் பக்கமும் ஒரு உராய்வு போட்டனான், முடிஞ்சுது.”

“எப்படிப் போட்டீங்க?”

“அண்ணை பகிடி விடுறார்! கொப்பி முழுக்க எழுதின ஆள் எங்களிட்டக் கேக்கிறார்.”

“இவருக்குத் தெரியாத கணக்கொண்டு ஈக்குமா?” என்றான் பலீல்.

தெரியாது என்ற ஒரு சொல்லை அவர்கள் முன் சொல்ல அழகருக்கு வாய் வரவில்லை, ஓராண்டாகவே வரவில்லை.

“வயிறு சரியில்ல. நீங்க முன்னாடி போங்க,” என்றான்.

இரண்டாந் தாள் இரண்டு மணிக்கு. பிந்தி வருவோருக்கு அரைமணி நேரம் விட்டுக்கொடுப்பார்கள். அதன்பின் வருபவன் தவறியவனே. வயிற்றால் தவறியவனைத் தெரியாதவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்றெண்ணி, அழகர் மண்டபத்துக்கு எதிரே நனைந்தபடி நின்றான். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, வா என்று கையசைத்தார். அவன் வேறு யாரோ போல வீதியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கதவு சாத்தப்பட்டபோது நேரம் பிற்பகல் இரண்டு மணி முப்பது நிமிடம்.